கைக்கு வந்த காட்டுயிர்

ஜீவகாருண்யத்தின் மேன்மையைச் சொல்லும் நூல்கள் நம் நாட்டில் ஏராளமாக உண்டு. எனினும், அடிபட்டு வழியில் கிடக்கும் ஒரு காட்டுப் பிராணியின் எதிரே தற்செயலாக வந்து நிற்க நேர்ந்த மனிதன் அந்தக் கணத்தில் செய்யவேண்டுவது யாது என்ற கேள்விக்கு, அந்நூல்களைப் புரட்டி நேரான விடையொன்றை எடுத்துவிட முடிவதில்லை. மலைப்பாதையில் லாரி மோதி இடுப்பொடிந்து கிடக்கும் புள்ளிமானும், பட்டம் விடுவோரின் மாஞ்சா நூல் இறக்கையை அறுத்துவிட முற்றத்தில் வந்து விழுந்த பருந்தும், தோட்டத்து வேலியில் திருட்டுத்தனமாகப் பாய்ச்சிய மின்சாரம் தீண்டியும் உயிர் பிரியாமல் முனகும் கரடியும் சாஸ்திர விசாரம் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. தூக்கிச் சென்று காப்பாற்று என்று மனம் ஒருபுறம் துடிக்கிறது. காட்டில் பிறந்தது காட்டின் போக்கில் முடியட்டும், நீ ஏன் நடுவே புகுகிறாய் என்று மறுபுறம் தடுக்கிறது. இவற்றுக்கிடையே, இந்த வேதனை இன்னும் எத்தனை நேரம், இதை முடித்துவிடுவதன்றோ தயை என்ற எண்ணமும் தலைகாட்டி நம்மை நடுங்கச் செய்கிறது. எல்லாம் கருணையின் பெயராலேயே பேசுவதுதான் இதிலுள்ள தர்மசங்கடம்.

இந்தச் சங்கடம் ஒருமுறை நாடறிய வெளிப்பட்டது. 1928-ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று முடமாகி, புரண்டு படுக்கவும் இயலாத வேதனையில் கிடந்தது. வைத்தியர் கைவிட்டுவிட்டார். காந்தியடிகள் ஆசிரமத்தாரோடு கலந்து பேசி, மறுத்தோரின் வாதங்களையும் பொறுமையாகக் கேட்டு, முடிவில் தாமே அருகிலிருந்து, மருத்துவர் ஒருவரைக் கொண்டு ஊசிமருந்து செலுத்தி அதன் உயிரை முடித்து வைத்தார். அகிம்சையையே உயிர்மூச்சாகக் கொண்ட ஒருவர், சமணரும் வைணவரும் நிறைந்த குஜராத்தின் நடுவில், பசுவின் கன்றொன்றைக் கொன்றார் என்ற செய்தி எழுப்பிய கொந்தளிப்பு சாமானியமானதன்று. அவ்வாண்டு அக்டோபர் மாதம் 'யங் இந்தியா'வில் அவர் தம் செயலுக்குச் சமாதானம் எழுதினார். கண்டனங்கள் ஓயாமையால் பின்னரும் எழுதினார். அப்படி எழுதுகையில், இவ்வாறு உயிரை முடிப்பதற்கு நான்கு நிபந்தனைகளை வகுத்துக் காட்டினார். நோய் தீராததாயிருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட அனைவரும் பிழைக்கும் என்ற நம்பிக்கையை இழந்திருக்க வேண்டும். எந்த உதவிக்கும் பணிவிடைக்கும் இடமில்லாமற் போயிருக்க வேண்டும். தன் விருப்பத்தை வெளியிட அந்த ஜீவனுக்கு வழியில்லாதிருக்க வேண்டும். இந்த நான்கில் மூன்றாவதையே நான் பெரிதாக மதிக்கிறேன். நாம் பார்த்துச் சகிக்கமுடியவில்லை என்பதற்காக ஒன்றைக் கொல்வது நம்முடைய வேதனையைத் தீர்த்துக்கொள்வதேயன்றி அதன் வேதனையைத் தீர்ப்பதாகாது. பணிவிடைக்கு அணுவளவு இடமிருக்கும்வரையில் அந்தப் பேச்சுக்கே அவகாசமில்லை என்று காந்தியடிகள் வரம்பு கட்டியது, கன்று கொல்லப்பட்டதையே பேசிக்கொண்டிருந்த அந்நாளைய ஆரவாரத்தில் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

ஆனால் அந்தக் கன்று மனிதனின் கொட்டிலில் பிறந்தது. மனிதக் குரலைக் கேட்டு வளர்ந்தது. தன்னைத் தடவிக்கொடுத்த கையை ஆறுதலென்று அறிந்தது. காட்டுப் பிராணியின் நிலைமை முற்றிலும் வேறு. அதற்கு நம் கை பகையின் கை. அதைத் தொடுவது யாராயினும், தொடும் நோக்கம் எதுவாயினும், அதன் உடம்பும் உயிரும் அறிந்தவரையில் அது வேட்டையின் கடைசிக் கட்டமே. துரத்திப் பிடிக்கப்பட்ட மான், காயம் சிறிதாயினும், அச்சத்தின் மிகுதியால் தசைகள் உள்ளுக்குள்ளே சிதைந்து சில மணி நேரத்திலோ சில நாளிலோ மாண்டுபோவதைக் காட்டுயிர் மருத்துவர்கள் நன்கறிவார்கள். கண்ணை இருட்டாக்கும் ஒரு துணி, ஓசையற்ற ஓர் இடம், விலகி நிற்கும் மனிதர்கள் ஆகிய இவையே பல சமயங்களில் மருந்துக்கு முன்னால் செய்யவேண்டிய வைத்தியம். ஆர்வமிகுதியினால் மயங்கிக் கிடக்கும் பறவையின் அலகைப் பிளந்து நீர் ஊற்றுகிறவர், அந்நீர் மூச்சுக்குழலில் புகுந்து அதைக் கொல்லும் என்பதை அறியார். அணிற்குஞ்சுக்குப் பசும்பாலைப் புகட்டுகிறவர் அது வயிறு கழிந்து சாவதைக் கண்டபின், விதி என்று சொல்லிக் கண்ணீர் விடுவார். குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்த பேகனின் நெஞ்சை நாம் ஈராயிரம் ஆண்டுகளாகப் போற்றி வருகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆயினும் மயிலுக்குப் போர்வை வேண்டுமா என்று கேட்காத கருணை, அந்த மயிலினிடம் இன்னும் முழுமையாகச் சென்று சேரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அறியாமையோடு கலந்த அன்பினால் பிராணிகள் படும் துன்பம் கொடுமையினால் படும் துன்பத்துக்கு அதிகம் குறைந்ததன்று.

புல்வெளியில் தனியே படுத்திருக்கும் மான்குட்டியைக் கண்டு, தாயற்றது என்று இரங்கி வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள். தாய்மான் குட்டியை மறைவில் கிடத்திவிட்டு மேயச் செல்வதும், குட்டி அசையாமல் கிடப்பதே அதற்குக் காப்பாயிருப்பதும் அவர்கள் அறியாதவை. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வட்டாரத்தில், கரும்பு வெட்டும் காலத்தில் தோகைகளுக்கிடையே சிறுத்தைக் குட்டிகள் அகப்படுவது வழக்கம். அவற்றை அகப்பட்ட இடத்திலேயே இரவில் வைத்துவிட்டு மனிதர்கள் ஒதுங்கி நின்றால் தாய் வந்து கவ்விச் செல்கிறது என்பதை அங்குள்ள வனத்துறையினரும் மருத்துவர்களும் அநுபவத்தில் கண்டு, அதையே ஒரு முறையாகக் கைக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றும் செய்யாமலிருப்பதும் ஒரு செயலாகும் இடங்கள் இவ்வாறு உண்டு. கையை நீட்டுவதற்கு வேண்டிய துணிவைக் காட்டிலும், நீட்டிய கையை மடக்கிக்கொள்வதற்கு அதிகமான துணிவு வேண்டியிருக்கிறது.

இவ்விஷயத்தை நம் முன்னோர் ஆலோசியாமல் விட்டுவிடவில்லை. பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் பரத சரித்திரத்தைக் காலட்சேபங்களில் கேட்காதவர் நம்மில் குறைவு. ராஜ்யத்தைத் துறந்து கண்டகி நதிதீரத்தில் தவத்தில் அமர்ந்திருந்த பரதன், ஒருநாள், சிங்கத்தின் கர்ஜனையைக் கேட்டு மிரண்டு ஆற்றைத் தாண்டப் பாய்ந்த சினைமான் ஒன்றின் கர்ப்பம் நழுவி வெள்ளத்தில் விழுவதையும், தாய் அக்கரையில் ஒரு குகையில் மாண்டுபோவதையும் கண்டு, நீரில் மிதந்த குட்டியை எடுத்து வந்து வளர்த்தான். வளர்க்க வளர்க்க, நியமங்கள் ஒவ்வொன்றாய்க் கழன்றன. குட்டி கண்ணுக்கு மறைந்தால் ஏங்கினான். ஓநாய் தின்றதோ, புலி தின்றதோ என்று புலம்பினான். அந்திம காலத்தில் பகவானை நினையாமல் அந்த மானையே நினைந்து உயிர் விட்டு, மறுபிறவியில் மானாகவே பிறந்தான்.

இதிலிருந்து நம் பௌராணிகர்கள் எடுத்துச் சொல்லும் படிப்பினை எப்போதும் ஒன்றே: பற்றுக்கூடாது, தவசிக்கு மானெதற்கு? இந்தப் படிப்பினையை நான் மறுக்கவில்லை. ஆயினும் கதையை இவ்வளவில் நிறுத்திக்கொள்வோர் அதன் பாதியையே படிக்கிறார்கள் என்பேன். மிதந்து வந்த குட்டியை வெள்ளத்தோடு போக விட்டிருக்க வேண்டும் என்று பாகவதம் எங்கும் சொல்லவில்லை. பரதன் நதியில் இறங்கிய அந்தக் கணத்தில் அவனிடம் தோஷமில்லை. குட்டி புல் மேயக் கற்று, துள்ளியோடும் வலிமை பெற்று, தன் இனத்தோடு சேரத்தக்க பருவம் வந்தபோது, அதைப் பார்த்து, போய் வா என்று சொல்ல அவனால் இயலவில்லை. அங்கேதான் அவன் தவறினான். அது வரையில் அவன் மானுக்காக இருந்தான். அதற்குப்பின் மான் அவனுக்காக இருக்கலாயிற்று. கருணை எந்த நாளில், எந்த நாழிகையில் உடைமையாக மாறியது என்பதை அவனே அறியவில்லை என்பதுதான் அந்தச் சரித்திரத்தின் நுட்பம். அறிந்திருந்தால் அவனைப்போன்ற ஞானவான் விட்டிருப்பான்.

கதையின் பிற்பகுதி இதற்குச் சாட்சி சொல்கிறது. மானாய்ப் பிறந்தும் பூர்வஜன்ம ஸ்மரணை நீங்காத பரதன், தாய்மானையும் பிரிந்து தன் பழைய ஆசிரமத்துக்கு வந்து, அந்த உடல் கழியும் நாளை எதிர்பார்த்துத் தனியே திரிந்தான். அடுத்த பிறவியில் ஜடபரதனாய்ப் பிறந்து, பைத்தியம்போலவும் ஊமைபோலவும் உலாவினான். ரஹூகணன் என்னும் அரசனின் சேவகர்கள் அவனைப் பிடித்துப் பல்லக்குச் சுமக்க வைத்தபோது, பல்லக்கு ஓயாமல் குலுங்கிற்று. ஏன் குலுங்கிற்றென்றால், அடியெடுத்து வைக்குமுன் தரையில் எறும்பு முதலிய ஜந்துக்கள் உள்ளனவா என்று பார்த்துப் பார்த்து அவன் நடந்தமையால் மற்றவர்களின் நடையோடு அவன் நடை பொருந்தவில்லை. ஒரு மானின்மேல் வைத்த அன்பினால் இரண்டு பிறவிகளை இழந்தவன், அந்த அநுபவத்தின் பலனாக நெஞ்சை இறுக்கிக்கொண்டு நடக்கவில்லை. எறும்புக்கும் வழிவிட்டு நடந்தான். அவனிடமிருந்து கழன்றது ஜீவகாருண்யமன்று. ஒரு ஜீவன் தன்னுடையது என்ற எண்ணமே. காட்டுயிரைக் கையிலெடுக்க நேர்ந்தவனுக்கு இதனினும் தெளிவான உபதேசம் வேறெந்த நூலிலும் இருப்பதாக நான் அறியேன்.

புராணத்தை விட்டு நம் காலத்துக்கு வந்தால், அதே கதை உத்தரப்பிரதேசத்தில் அமேதி மாவட்டத்துக் கிராமமொன்றில் மீண்டும் நடந்திருக்கிறது. அந்த மாநிலத்தின் பறவை சாரசம். நின்றால் ஆள் உயரம். ஜோடி சேர்ந்தால் ஆயுள் முழுதும் பிரியாதது என்று அந்நாட்டார் போற்றுவது. வால்மீகியின் நெஞ்சை உருக்கிச் சுலோகத்தைப் பிறப்பித்த கிரௌஞ்சமும் இதுவே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவதும் உண்டு. 2022-ஆம் ஆண்டு கால் முறிந்து வயலில் கிடந்த ஒரு சாரசத்தை ஓர் இளைஞர் எடுத்து மருந்திட்டுத் தேற்றினார். குணமான பின்னும் அப்பறவை அவரை விட்டுப் போகவில்லை. அவர் மோட்டார் சைக்கிளில் சென்றால் மேலே பறந்து உடன் வந்தது. அவர் தட்டில் உண்டது. அடைத்து வைத்தவரல்லர் அவர். விருப்பப்படி பறந்து திரிய விட்டே வைத்திருந்தார். 2023 மார்ச்சில் வனத்துறையினர் அதை எடுத்துச் சென்று ஒரு சரணாலயத்தில் விட்டனர். பின்னர் அது கான்பூர் மிருகக்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த இளைஞர்மேல் வழக்கும் பதிவாயிற்று. அவர் அங்கே பார்க்கச் சென்றபோது கூண்டுக்குள் அப்பறவை இறக்கையை விரித்துக் குதித்ததை நாடு முழுதும் கண்டு உருகியது.

உருகியவர்களில் நானும் ஒருவன். ஆயினும் அந்த உருக்கம் அடங்கியபின் யோசித்தால், பறவையின் நிமித்தமாக நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறாகத் தோன்றுகிறது. தன் இனத்துத் துணையோடு சதுப்பு நிலத்தில் கூடு கட்டி வாழப் பிறந்த ஒரு சாரசம், மனிதன் பின்னே பறப்பதைத் தன் வாழ்வாகக் கொண்டுவிட்டது அதற்கு நன்மையா? மனிதரை அஞ்சும் குணம் கரைந்த பறவை, அடுத்த ஊரில் கல்லெறியும் கைக்கும் அப்படியே அருகில் சென்று நிற்கும் அன்றோ? கூண்டு அதற்கு உகந்த இடமன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்பை வழக்காக்கிய சட்டமும் அந்த இடத்தில் சற்று இரக்கத்தோடு நடந்திருக்கலாம். எனினும் அந்த இளைஞரின் அன்பு தூயது என்று ஒப்புக்கொள்வதாலேயே பறவைக்கு நேர்ந்தது நஷ்டமன்று என்று ஆகிவிடாது. பரதனின் அன்பும் தூயதாகவே இருந்தது.

1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுயிரை அரசின் உடைமையென்று வைத்து, அப்படி ஓர் உயிர் எவ்வகையாலேனும் ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிக்கோ காவல் நிலையத்துக்கோ அறிவித்தாக வேண்டும் என்று விதிக்கிறது. இதை வெறும் அதிகார விதியென்று பலர் குறைகூறுவதுண்டு. எனக்கோ இது பரதன் கதையை நன்கு உணர்ந்தவர் எவரோ எழுதியதுபோலவே தோன்றுகிறது. இரண்டு நாளைக்குள் உரியவர்க்கு அறிவித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏற்கும் உயிரின்மேல் உரிமை பாராட்ட நேரமிராது. அன்றியும், அந்த உயிரைப்பற்றிய முடிவை அதனிடம் பாசங்கொண்டுவிட்ட ஒருவர் தனித்து எடுக்காமல், கற்றறிந்த வேறொருவரும் சேர்ந்து எடுக்க இது வழி செய்கிறது. மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய பிராணியாயினும், மீளமுடியாதவாறு ஊனமோ நோயோ உற்றிருந்தால் தலைமை வனஉயிரினக் காப்பாளர் காரணங்களை எழுத்தில் பதிந்து அதன் உயிரை முடிக்க அநுமதிக்கலாம் என்ற இடமும் அச்சட்டத்தில் உண்டு. காந்தியடிகள் ஆசிரமத்தில் பட்ட பாட்டை இங்கே ஓர் அதிகாரி பேனாவும் கையுமாகப் பட வேண்டியிருக்கிறது. அந்தப் பேனா எளிதில் எழும்பாதிருப்பதே நல்லது.

இனி, அடிப்படையையே அசைக்கும் ஓர் ஆட்சேபத்தை எதிர்கொள்ள வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் ராஜஸ்தானத்தில் சுவேதாம்பர சமணத்தின் தேராபந்தப் பிரிவை நிறுவிய ஆசாரிய பிக்ஷு, ஓர் உயிரை மற்றோர் உயிரிடமிருந்து பலவந்தமாக மீட்பது லௌகிகமான உபகாரமே, ஆத்மாவை உயர்த்தும் தர்மமன்று என்று போதித்தார். பூனையிடமிருந்து எலியைப் பிடுங்கிக் காப்பாற்றினால் பூனையின் உள்ளம் மாறிவிடுமோ? எலி பிழைத்து மேலும் பல ஜீவன்களைத் தின்னாதோ? கொல்லுகிறவன் உள்ளத்தால் மாறிக் கொலையை விடுவதே தர்மம். மற்றவை சம்சாரத்தின் கணக்குவழக்கு. முதலில் கேட்கும்போது கல்நெஞ்சென்று தோன்றும் இந்த வாதம், சிந்திக்கச் சிந்திக்க வலுப்பெறுவதை நான் உணர்ந்திருக்கிறேன். உலகத்து உயிர்களையெல்லாம் ஒன்றினிடமிருந்து ஒன்றைக் காக்கப் புறப்படுகிறவன் புலிகளையெல்லாம் பட்டினியால் கொல்ல வேண்டியவனாவான். எனினும் அதே சமணம்தான் மேககுமார சரித்திரத்தையும் நமக்குத் தந்திருக்கிறது. காட்டுத்தீக்கு அஞ்சிப் பிராணிகளெல்லாம் ஒரு வெளியில் நெருங்கி நிற்க, அவற்றிடையே நின்ற ஒரு யானை, உடம்பைச் சொறிய ஒரு காலைத் தூக்கிற்று. காலிருந்த இடத்தில் முயலொன்று வந்து ஒண்டிக்கொண்டது. அதை மிதிக்க மனமின்றித் தீ அணையும்வரை தூக்கிய காலோடே நின்ற யானை, பின்னர் காலை ஊன்ற முடியாமல் விழுந்து மாண்டு, மகத அரசகுமாரனாய்ப் பிறந்தது. அந்த யானை முயலை எவரிடமிருந்தும் பிடுங்கவில்லை. எங்கும் எடுத்துச் செல்லவும் இல்லை. தன் பாதத்தினால் வரக்கூடிய கேட்டைத் தான் தாங்கிக்கொண்டது, அவ்வளவே. ஆசாரிய பிக்ஷுவின் ஆட்சேபம் இந்த யானையைத் தீண்டாது என்பது என் துணிபு.

தன்னால் வரும் கேட்டைத் தான் தாங்குவது என்னும் இந்த எல்லைக்கோடு காட்டுயிர் விஷயத்தில் நமக்குப் பெரிய வெளிச்சம் தருகிறது. ஏனெனில் இக்காலத்தில் நம் கண்ணில் படும் காயங்களில் பெரும்பாலானவை காட்டினால் உண்டானவையல்ல. சுருக்குக் கம்பியும், நாட்டு வெடியும், மின்வேலியும், நெடுஞ்சாலையும், தண்டவாளமும், மாஞ்சா நூலும் நாம் செய்தவை. 2021 ஜனவரியில் மசினகுடியில், முதுகில் ஏற்கெனவே புண்ணோடு திரிந்த ஓர் ஆண்யானையின்மேல், விடுதியொன்றின் அருகே, எரியும் டயரை எறிந்தார்கள். காது வெந்து குருதி ஒழுக அலைந்த அந்த யானை, தெப்பக்காடு முகாமுக்கு லாரியில் ஏற்றிச் செல்லப்படும் வழியிலேயே உயிர் நீத்தது. அதற்கு மருந்து வைத்த பழங்களைக் கொடுத்துப் பின்தொடர்ந்த வனப்பணியாளரும் மருத்துவர்களும் செய்தது தானமா, தயையா? என் மனத்துக்கு அது இரண்டுமாகத் தோன்றவில்லை. மனித இனம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியை அவர்கள் நம் எல்லோர் பொருட்டும் திருப்பிச் செலுத்தினார்கள். கடன்பட்டவன் வட்டியைத் தானக்கணக்கில் எழுதுவதைப்போல, நாம் உண்டாக்கிய காயத்துக்கு மருந்திடுவதைக் கருணையென்று பெருமை பேசிக்கொள்ளலாகாது. புலியின் நகம் பட்ட மானை நாம் தீண்டாமல் விடலாம். விடவும் வேண்டும், அந்த மானிடம் புலிக்கும் கழுகுக்கும் செந்நாய்க்கும் உரிமை உண்டு. நம் சக்கரம் பட்ட மானை அப்படி விட்டுச் செல்ல நமக்கு உரிமையில்லை. இரண்டு மான்களின் வேதனையும் ஒன்றே என்று யாரேனும் சொன்னால், அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை. வேதனை ஒன்றாயினும் நம் கடமை ஒன்றன்று என்று மட்டுமே சொல்ல முடியும்.

கடன் என்று கொண்டால் அதைச் செலுத்தும் பொருள் யாருடையது என்பதும் எழுகிறது. டில்லிச் செங்கோட்டையின் எதிரே சமணர் நடத்தும் பறவை மருத்துவமனை பல தலைமுறைகளாகப் புறாவுக்கும் கிளிக்கும் கோழிக்கும் சிகிச்சை செய்துவருகிறது. ஊன் உண்ணும் பறவைகளுக்குக் கட்டுப்போட்டு அனுப்புவதேயன்றி உள்ளே தங்கவைப்பதில்லை, ஏனெனில் தங்கவைத்தால் இறைச்சி இட வேண்டும். அதே நகரத்தில் மாஞ்சா நூலால் அறுபட்டு விழும் பருந்துகளை முஸ்லிம் சகோதரர் இருவர் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்து இறைச்சியிட்டுத் தேற்றி வருவது இப்போது உலகமறிந்த செய்தி. இவர்களில் எவர் செய்வது தர்மம் என்று கேட்பதில் பயனில்லை. ஒருவர் கையேற்க முடியாததை மற்றவர் ஏற்கிறார். ஆனால் புறாவையும் பருந்தையும் ஒரே தராசில் வைத்த கதை நம்மிடம் உண்டு. சிபியிடம் அடைக்கலம் புகுந்த புறாவைத் துரத்தி வந்த பருந்து, நீ இதைக் காத்தால் என் பசிக்கு என்ன வழி என்று கேட்டது. சோழர்கள் தம் குலமுதல்வனாகக் கொண்டாடிய அந்த வேந்தன், பருந்தைக் கொடியது என்று விரட்டவில்லை. அதன் கேள்வி நியாயமானது என்று ஏற்றான். புறாவுக்கு ஈடாகத் தன் தசையை அரிந்து வைத்தான். ஊனுண்ணும் உயிரைக் காப்பாற்றப் புகுகிறவன், அதற்கு ஊட்டும் ஊன் மற்றோர் உயிர் என்பதை மறந்துவிட்டுக் காப்பாற்ற முடியாது. சிபியைப்போல் அரிந்து வைக்க நம்மால் ஆகாது. ஆனாலும் அந்தக் கணக்கு ஒன்று நம் பெயரில் இருக்கிறது என்ற நினைவோடாவது இறைச்சியை இட வேண்டும்.

முதுமலைப் பக்கத்தில் ரிவால்டோ என்று மக்கள் பெயரிட்டழைத்த ஆண்யானையின் வரலாறு, நம் முடிவுகள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டும். தும்பிக்கையின் நுனியை இழந்து, ஒரு கண்ணின் பார்வையும் குன்றி, ஊரார் கொடுத்த உணவை ஏற்றுக் குடியிருப்புகளையே சுற்றித் திரிந்த அந்த யானையை, 2021 மே மாதம் வாழைத்தோட்டத்தில் கரால் என்னும் மரக்கூண்டில் அடைத்தார்கள். ஊனமுற்ற யானை காட்டில் பிழைக்காது, முகாமில் வைத்துக் காப்பதே இரக்கம் என்று ஒரு சாரார் வாதித்தார்கள். அத்தனை ஆண்டுகள் அந்தத் தும்பிக்கையோடே உண்டு வாழ்ந்த யானைக்கு மரச்சிறையை இரக்கமென்று தருவதா என்று மற்றொரு சாரார் கேட்டார்கள். ஆகஸ்டு மாதத்தில் வனத்துறை அதைக் கழுத்தில் ரேடியோ பட்டையோடு தொலைவான காட்டில் கொண்டுபோய் விட்டது. ஓரிரு நாளில் அது நடந்தே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. மீண்டும் பிடிக்கவேண்டும் என்ற குரலுக்கு இடங்கொடாமல், திரும்பிய யானையைத் திரிய விட்டு, பின்னே ஆள்வைத்துக் கண்காணிப்பது என்று அதிகாரிகள் தீர்மானித்ததை நான் மெச்சுகிறேன். விருப்பத்தை வெளியிட இயலாத உயிர் என்று காந்தியடிகள் கன்றைப்பற்றிச் சொன்னார். இந்த யானையோ தன் விருப்பத்தைக் காலால் நடந்து சொல்லிவிட்டது.

நடக்கவும் இயலாததற்கு என்ன செய்வது? முதுகெலும்பு முறிந்து பின்கால்கள் செத்துப்போன மானும், தோள்மூட்டோடு இறக்கை அற்றுப்போன பருந்தும் எந்த மருத்துவராலும் காட்டுக்குத் திரும்ப மாட்டா. அவற்றை ஆயுள்வரை கூண்டில் வைத்து ஊட்டுவது பணிவிடைதானா என்று என்னைக் கேட்டால், பல சமயங்களில் அன்று என்றே சொல்வேன். வலியில்லாமல், அச்சமில்லாமல், தன் இயல்பில் ஒரு பங்கேனும் எஞ்சியிருக்க அது வாழுமானால் வைத்துக் காப்பாற்றலாம். நம்மைக் கண்டபோதெல்லாம் கம்பியில் மோதிக்கொள்ளும் ஓர் உயிரை, சாகவிட மனமில்லை என்பதற்காக மட்டும் அடைத்து வைப்பது, பரதனின் பிழையை அவனிடமிருந்த அன்பும் இல்லாமல் செய்வதாகும். அத்தகைய நிலையில், அறிந்த மருத்துவர் ஒருவர் பார்த்து, உரியவர் அநுமதித்து, ஊசியால் அதன் வேதனையை முடிப்பதை நான் பாவமென்று எண்ணவில்லை. கர்மபலனை அநுபவித்துத் தீர்க்க விடாமல் இடையில் குறுக்கிடுகிறோம் என்று சமணப் பெரியோர் கூறுவதைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எனினும் நம் சக்கரம் ஏறிய முதுகெலும்பின் வேதனையை அந்த மானின் கர்மபலன் என்று சொல்ல என் நா எழவில்லை.

மருத்துவர் வருமுன்னே பிராணன் போய்க்கொண்டிருக்கும் வேளைகளே மிகுதி. சீவகசிந்தாமணியில், அந்தணர்க்கென்று வைத்த உணவைத் தீண்டியமைக்காக அடிபட்டு உயிர் ஊசலாடிய நாயின் செவியில் சீவகன் பஞ்சநமஸ்கார மந்திரத்தை ஓதினான். அது தேவனாய்ப் பிறந்து பின்னாளில் அவனுக்கு உற்ற துணையாயிற்று. குணப்படுத்தவும் வழியின்றி, கொல்லவும் துணியாமல், சாகின்ற உயிரின் அருகே அமர்ந்த அந்தச் செயலை நான் தமிழ்க் காவியங்களில் உள்ள மிக உயர்ந்த செயல்களில் ஒன்றாகக் கருதுகிறேன். ஆனால் நாய்க்கு மனிதக் குரல் அந்நியமன்று. காட்டு மானின் செவியில் மந்திரம் ஓதக் குனிந்தால் அது தன் கடைசி மூச்சை அச்சத்தில் விடும். அதற்குச் செய்யத்தக்கது, கைபேசியோடு சூழ்ந்து நிற்கும் கூட்டத்தை விலக்கி, நாய்களை விரட்டி, ஒரு துணியை அதன் கண்ணின்மேல் இட்டு, வனத்துறையினர் வந்து சேரும்வரை பாதையின் இருபுறமும் வண்டிகளை நிறுத்தி வைத்துக்கொண்டு, அதன் பார்வையில் படாத தூரத்தில் நிற்பதே.